ஊசி வலியைக் குழந்தையிடம் கேட்டு அளப்பது எப்படி: ஆய்வாளர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

தடுப்பூசி அறையில் ஒரு குழந்தையிடம் ‘எவ்வளவு வலிச்சுது?’ என்று கேட்க உங்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம்தான். செவிலியர் பஞ்சை அழுத்துகிறார், அம்மா சட்டைக் கையை இறக்கிவிடுகிறார், அடுத்த குழந்தை கதவருகே வந்து நிற்கிறது. அந்த அரை நிமிடத்தில் குழந்தை விரலால் தொட்டுக் காட்டும் ஒரே ஒரு முகப்படம்தான் உங்கள் ஆய்வின் முதன்மைத் தரவு. கேட்ட விதத்தில் தவறு நேர்ந்தால் எந்தப் புள்ளியியல் முறையாலும் அதைப் பின்னால் மீட்டெடுக்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டி ஆய்வின் எல்லாக் கட்டங்களையும் தொட்டாலும், அளக்கும் இடத்தில்தான் அதிகம் நிற்கும்.

மருத்துவ உளவியலில் முதல் ஆய்வைத் தொடங்குபவரை மனத்தில் வைத்து எழுதியது இது. திசைதிருப்பல் (டேப்லெட்டில் வீடியோ காட்டுவது போல, குழந்தையின் கவனத்தை ஊசியிலிருந்து வேறொன்றுக்குத் திருப்புவது), மூச்சுப் பயிற்சி போன்ற ஓர் உளவியல் முறை ஊசி போடும்போது குழந்தையின் வலியையும் பயத்தையும் குறைக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் சிறியதல்ல. பச்சிளங்குழந்தைக்கு வலி முழுமையாகத் தெரியாது என்ற நம்பிக்கை மருத்துவத்தில் நெடுங்காலம் இருந்தது. 1987இல் ஆனந்தும் ஹிக்கியும் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. 1997இல் டாடியோ குழுவினர், வலி மருந்தில்லாமல் விருத்தசேதனம் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள் 4 முதல் 6 மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளைவிட அதிகம் துடித்ததைக் காட்டினார்கள். ஒரு நாளின் வலி அந்த நாளோடு முடிந்துவிடுவதில்லை.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

‘குழந்தைகளின் மருத்துவ பயத்தில் உளவியல் தலையீட்டின் பங்கு’ என்று தலைப்பு வைத்தால் மூன்று வருடம் ஓடிவிடும், ஒன்றும் கையில் நிற்காது. ஒரு செயல்முறை, ஒரு வயது வரம்பு, ஒரு தலையீடு, ஒரு முதன்மை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி என்றால் தடுப்பூசி மட்டும். நரம்பில் இரத்தம் எடுப்பதையும் அதோடு சேர்க்காதீர்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டாவது முறை குத்தினால் வலி அளவு முழுக்க மாறிவிடும், அந்த வேறுபாட்டில் உங்கள் தலையீட்டின் விளைவு காணாமல் போகும்.

2018இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு (முன்பு நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுவது), திசைதிருப்பல், ஹிப்னாசிஸ், பல உத்திகள் சேர்ந்த அறிவாற்றல்-நடத்தை முறை, மூச்சு முறைகள் ஆகியவை ஊசி வலியையோ பயத்தையோ குறைப்பதற்குச் சான்று இருப்பதாகச் சொன்னது. அதற்குப் பிறகும் ‘திசைதிருப்பல் பலன் தருமா?’ என்று மட்டும் கேட்கும் ஆய்வு புதிதாக எதையும் சொல்லாது. யாருக்குப் பலன் தருகிறது, எந்த வயதில் தருவதில்லை, பெற்றோரே செய்தால் போதுமா, கடுமையான ஊசி பயம் உள்ள குழந்தைக்கு அது எதிர்விளைவு தருகிறதா என்று கேளுங்கள்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’ நெறிமுறைப்படி சரியல்ல. பலன் நிரூபணமான வலிக்குறைப்பு முறை அந்த மருத்துவமனையில் வழக்கமாகக் கிடைக்கிறது என்றால், இரண்டு குழுவுக்கும் அது கிடைத்தாக வேண்டும். உங்கள் தலையீடு அதற்கு மேல் சேர்வதாக இருக்கட்டும். தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின்-பிரிலோகெயின் களிம்பு பயன்படுத்தும் இடமாக இருந்தால், தோலில் தடவி மூடி சுமார் 60 நிமிடம் விட வேண்டும் என்பதை நேரத்திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். 20 நிமிடத்தில் துடைத்துவிட்டுக் களிம்பு போட்டதாகப் பதிவு செய்த தரவு பிற்பாடு யாரையும் குழப்பும். தடவிய நேரத்தையும் துடைத்த நேரத்தையும் இரண்டு கட்டங்களில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

வலி வேறு, பயம் வேறு

குழந்தையின் பேச்சில் இரண்டுமே ‘வலிக்குது’ என்றுதான் வரும். ஊசி இன்னும் தோலைத் தொடவே இல்லை, குழந்தை ‘வலிக்குது, வலிக்குது’ என்று கத்தும். அது பயம். ஆய்வில் இரண்டையும் தனித்தனிக் கருவியால் அளக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் தலையீடு எதைக் குறைத்தது என்று சொல்ல முடியாது.

நாலு வயதுக்கு மேல் குழந்தையிடமே கேளுங்கள். இதற்கு நம்பகமான கருவி 2001இல் வெளிவந்த திருத்தப்பட்ட முகப்பட வலி அளவுகோல். 1990இல் பீரி குழுவினர் 7 முகங்களோடு உருவாக்கியதை, 0 முதல் 10 வரையிலான அளவோடு பொருந்தும்படி 6 முகங்களாக மாற்றினார்கள். இடமிருந்து வலமாக 0, 2, 4, 6, 8, 10. முதல் முகத்தில் சிரிப்பு கிடையாது, கடைசி முகத்தில் கண்ணீர் கிடையாது. இது வேண்டுமென்றே செய்தது. சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரில் முடியும் முகப்படங்களைக் கொடுத்தால் குழந்தை வலியைச் சொல்லாமல் மனநிலையைச் சொல்லிவிடும். நன்றாக வலித்தும் அழாமல் தாங்கிய குழந்தை, ‘நான் அழலையே’ என்று கண்ணீர் முகத்தை விட்டுவிடும். வலியே இல்லாமல் கோபத்தில் இருக்கும் குழந்தை சிரிக்கும் முகத்தைத் தொடாது.

இந்த அளவுகோலின் உரிமை வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.எஸ்.பி.யிடம் இருக்கிறது. அங்கிருந்து அசல் படத்தை எடுங்கள். கட்டுரைகளிலிருந்து நகலெடுத்து நீட்டிய படத்தில் கடைசி இரண்டு முகங்கள் ஒன்றுபோல் ஆகிவிடும். கெட்டி அட்டையில் அச்சிட்டு, எண்களைப் பின்பக்கம் மட்டும் எழுதுங்கள், குழந்தை எண்களைப் பார்க்கக் கூடாது. பத்துக்குப் பத்து வாங்குவது நல்லது என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்தப் பழக்கம் இங்கே வரும்.

கேட்கும் வாசகத்தை எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுங்கள். இப்படி:

‘இந்த முகங்க எல்லாம் ஒருத்தருக்கு எவ்வளவு வலிக்குதுன்னு காட்டும். இந்த முகத்துக்கு வலியே இல்ல. இதுக்குக் கொஞ்சம் கூட, இதுக்கு இன்னும் கூட, இப்படியே போயி, இந்தக் கடைசி முகத்துக்கு ரொம்ப ரொம்ப வலிக்குது. ஊசி உள்ள போனப்ப உனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு காட்டுற முகத்தைத் தொடு.’

இதில் ‘சந்தோஷம்’, ‘சோகம்’, ‘அழுகை’ என்ற வார்த்தைகள் ஒன்றுகூட இல்லை என்பதைப் பாருங்கள். கடைசி வாக்கியத்தில் ‘ஊசி உள்ள போனப்ப’ என்று நேரத்தைக் குறித்திருப்பதும் முக்கியம். ‘இப்ப எவ்வளவு வலிக்குது?’ என்று கேட்டால், ஊசி எடுத்து இருபது விநாடி கழிந்த நிலையைத்தான் குழந்தை சொல்லும். ஒரு உதவியாளர் ‘இப்ப’ என்றும் இன்னொருவர் ‘ஊசி போட்டப்ப’ என்றும் கேட்டிருந்தால், இரண்டு வேறு அளவுகளைத் தரவு அட்டவணையின் ஒரே பத்தியில் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். ‘வலிக்கலைதானே?’ என்று எதிர்மறையில் கேட்பது இதைவிட மோசம். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான குழந்தைகள் தலையை ஆட்டிவிடும்.

குழந்தைக்கு இந்த அட்டை புரிகிறதா என்பதைக் காத்திருக்கும் இடத்திலேயே சோதியுங்கள். வெவ்வேறு அளவில் வெட்டிய ஆறு காகித வட்டங்களைக் கொடுத்துச் சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கச் சொல்லுங்கள். அடுக்க முடிந்தால் ‘கொஞ்சம் கூட, இன்னும் கூட’ என்ற வரிசை அதற்குப் பிடிபடுகிறது. பிறகு கற்பனைக் கேள்விகள் இரண்டு மூன்று: காகித ஓரம் விரலில் பட்டால் எந்த முகம், முட்டி சிராய்த்தால் எந்த முகம், கதவிடுக்கில் விரல் மாட்டினால் எந்த முகம். எல்லாவற்றுக்கும் ஒரே முகத்தையோ, ஓரத்து முகங்களை மட்டுமோ தொட்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இது அடிக்கடி நடக்கும். அந்தக் குழந்தையை விலக்க வேண்டியதில்லை. இரண்டு படியில் கேளுங்கள். ‘வலிச்சுதா, இல்லையா?’ வலித்தது என்றால், ‘கொஞ்சமா, நடுத்தரமா, நிறையவா?’ ஆனால் எந்த வயதுக்கு எந்தக் கருவி என்பதை முன்கூட்டியே ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். அறையில் நின்றுகொண்டு முடிவு செய்யக் கூடாது.

பயத்துக்கு 2011இல் மெக்மர்ட்ரி குழுவினர் வெளியிட்ட குழந்தைகள் பய அளவுகோல் இருக்கிறது. ஐந்து முகங்கள், 0 முதல் 4 வரை. ஊசிக்கு முன் ஒருமுறை, ஊசி முடிந்தபின் ‘ஊசி போட்டப்ப எவ்வளவு பயமா இருந்துது?’ என்று ஒருமுறை கேளுங்கள். வலி அட்டையையும் பய அட்டையையும் வேறு வேறு நிறக் காகிதத்தில் ஒட்டுங்கள். ஒரே வெள்ளை அட்டையாக இருந்தால் அவசரத்தில் கை மாறி எடுப்பார்கள், 3 என்ற எண் வலிப் பத்தியில் வந்து உட்கார்ந்திருக்கும். வலி அளவுகோலில் 3 என்ற மதிப்பே கிடையாது என்பதால் அந்தப் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். 2 வந்தாலோ 4 வந்தாலோ கண்டுபிடிக்கவே முடியாது.

கேட்பவர் யார் என்பதும் அளவை மாற்றும். ஊசி போட்டவரே கேட்டால் குழந்தை அவர் மனம் நோகாமல் பதில் சொல்லப் பார்க்கும். வேறொருவர் கேட்க வேண்டும். பெற்றோர் குறுக்கே பதில் சொல்வதைத் தடுக்க, முன்பே சொல்லிவையுங்கள்: ‘குழந்தை முதல்ல காட்டட்டும், உங்ககிட்ட அப்புறம் தனியா கேக்குறேன்.’ பெற்றோருக்குத் தனித் தாள், 0 முதல் 10 வரை. குழந்தை தொட்ட முகத்தைப் பார்க்காமல் அவர் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாதபோது பெற்றோர் சொன்னதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பார்த்தது குழந்தையின் முகத்தை, குழந்தை சொன்னது கையில் பட்டதை.

ஸ்டிக்கர், பலூன் எதுவானாலும் அட்டையைத் தொட்ட பிறகுதான். இரண்டு குழுவுக்கும் ஒரே பொருள், ஒரே நேரம்.

பேச்சு வராத வயது

நாலு வயதுக்குக் கீழே நடத்தையைப் பார்த்துதான் மதிப்பிட வேண்டும். 1997இல் மிச்சிகனில் உருவான ஃப்ளாக் அளவுகோல் முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குதல் என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை கொடுத்து 10க்குக் கூட்டுகிறது. எளிதுதான், ஆனால் ஊசி நேரத்தில் இரண்டு சிக்கல் வரும். பெற்றோர் காலைத் தன் தொடையிடுக்கில் பிடித்திருந்தால் கால் அசைவுக்கு 0 விழும். அது அமைதியால் வந்த 0 அல்ல, பிடியால் வந்தது. தேற்றினால் அடங்குகிறதா என்று பார்க்க யாராவது தேற்ற வேண்டும், ஐந்து விநாடி ஊசியில் அதற்கு இடமில்லை. எந்த நிலையில் என்ன மதிப்பெண் என்று கோடிங் (பார்த்த நடத்தையை விதிப்படி குறியீடாக, எண்ணாகப் பதிவது) கையேட்டில் விதி எழுதிவிடுங்கள். கிடைக்கும் எண்ணை ‘வலி’ என்று எழுதாமல் ‘துயர நடத்தை’ என்று எழுதுவதே நேர்மை. கட்டிப்பிடித்து உட்காரவைத்த கோபமும் அதில் கலந்திருக்கிறது.

வீடியோவும் கோடிங்கும்

நேரடியாகப் பார்த்து மதிப்பெண் போடுவதைவிட வீடியோ எடுத்துப் பிறகு கோடிங் செய்வது நல்லது. கேமராவைக் குழந்தையின் முகமும் ஊசி போடும் கையும் சட்டத்துக்குள் வருமாறு மூன்று கால் தாங்கியில் பொருத்துங்கள். கையில் பிடித்து எடுக்காதீர்கள், எடுப்பவர் தன்னை அறியாமல் அழும் முகத்தை நோக்கி நெருங்கிவிடுவார். ஊசி நுழைந்த நொடியைப் பதிவு செய்ய யாரும் வாயால் சத்தம் கொடுக்கக் கூடாது, குழந்தை அந்தச் சத்தத்துக்கே அதிரும். குழந்தையின் பார்வைக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கு, உதவியாளர் கையில் அதன் பொத்தான். நுழையும்போது ஒரு அழுத்தம், எடுக்கும்போது ஒரு அழுத்தம்.

காட்சியை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து பஞ்சு தோலைத் தொடும் வரை, அங்கிருந்து ஊசி வெளியே வரும் வரை, பிறகு 2 நிமிடம். முதல் கட்டம் பயத்தைச் சொல்லும், இரண்டாவது வலியைச் சொல்லும், மூன்றாவது எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்பதைச் சொல்லும். மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எதுவும் மிஞ்சாது.

கோடிங் செய்பவருக்கு எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரியக் கூடாது. திசைதிருப்பல் ஆய்வில் இது கடினம், டேப்லெட் சட்டத்துக்குள் வந்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். டேப்லெட்டைச் சட்டத்துக்கு வெளியே தாங்கியில் வையுங்கள், இரண்டு குழுவுக்கும் ஒரே ஹெட்ஃபோனை மாட்டுங்கள், கோடிங் செய்பவரிடம் கருதுகோளைச் சொல்லாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் முழுமையாக மறைக்க முடியாது. யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்று அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாகக் கோடிங் செய்ய வேண்டும். ஒத்துப்போன சதவீதத்தை மட்டும் காட்டினால் ஏமாந்துபோவோம். ஒரு கணக்கைப் பாருங்கள். வீடியோவை 100 சிறு நேர இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ‘அழுகை உண்டா’ என்று இருவர் குறிக்கிறார்கள். 85 இடத்தில் இருவரும் இல்லை என்கிறார்கள், 5 இடத்தில் இருவரும் உண்டு என்கிறார்கள், 5 இடத்தில் முதலாமவர் மட்டும், 5 இடத்தில் இரண்டாமவர் மட்டும். ஒத்துப்போனது 90%, பார்க்க அருமை. ஆனால் இருவரும் 10% இடங்களில் மட்டுமே ‘உண்டு’ என்கிறார்கள் என்பதால், தற்செயலாகவே 82% ஒத்துப்போகும். அதைக் கழித்தால், தற்செயலுக்கு மேற்பட்ட ஒப்புமையைச் சொல்லும் கப்பா மதிப்பு (0.90 – 0.82) ÷ (1 – 0.82) = 0.44. அழுகை என்று ஒருவராவது சொன்ன 15 இடங்களில் இருவரும் ஒப்புக்கொண்டது 5 இடத்தில்தான், 0.44 சொல்வது அதைத்தான். லாண்டிஸும் காக்கும் 1977இல் கொடுத்த வகைப்பாட்டில் 0.61க்கு மேல் ‘கணிசமான’ ஒப்புமை. அதற்குக் கீழே வந்தால் கோடிங்கை நிறுத்தி, முரண்பட்ட காட்சிகளை இருவரும் சேர்ந்து பார்த்து, விதியைத் திருத்தி, முன்பு செய்ததையும் மறுபடி செய்யுங்கள். பயிற்சி முடிந்ததும் ஒருமுறை மட்டும் ஒப்புமை பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மாதங்கள் போகப்போக ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு பக்கம் நகரும்.

‘ஒண்ணும் இல்லம்மா’ என்ன செய்கிறது

இந்தத் துறையில் ஆய்வு செய்பவர் பெரியவர்களின் பேச்சையும் பதிவு செய்யாமல் விடவே கூடாது. இரத்தப் புற்றுநோய்க்கான எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை போன்ற செயல்முறைகளில் பிளவுண்ட் குழுவினர் பெரியவர்கள் சொல்வதையும் குழந்தை செய்வதையும் வரி வரியாகக் கோடிங் செய்து, 1989இல் கேம்பிஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். அதில் தெரிந்தது பலரையும் திகைக்கவைத்தது. ‘பயப்படாதே, ஒண்ணும் ஆகாது’ என்ற ஆறுதலும், ‘பாவம், மன்னிச்சுக்கோம்மா’ என்ற வருத்தமும், ‘இவ்வளவு பெரிய பையன் அழலாமா’ என்ற திட்டும் குழந்தையின் துயரத்தோடு சேர்ந்தே வந்தன. ஊசிக்குச் சம்பந்தமில்லாத பேச்சும், சிரிக்கவைப்பதும், ‘மூச்சை இழுத்து மெதுவா விடு’ என்று செய்யச் சொல்வதும் குழந்தை சமாளிப்பதோடு சேர்ந்து வந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆறுதல் சொன்னதால் குழந்தை அழுததா, அழுததால் ஆறுதல் சொன்னார்களா? இரண்டும் நடக்கும். வரிசையைப் பார்க்காமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ‘ஆறுதல் தீங்கு’ என்று எழுதாதீர்கள். எந்த வாக்கியத்துக்குப் பின் எது வந்தது என்று நேரக் குறிப்போடு கோடிங் செய்திருந்தால்தான் அதைப் பேச முடியும். பெற்றோரிடம் இந்தக் கண்டுபிடிப்பைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். பிள்ளை அழும்போது ஆறுதல் சொன்ன தாயைக் குற்றவாளியாக்கும் தொனி வந்துவிடக் கூடாது. ‘இதைச் சொல்லாதீங்க’ என்பதற்கு முன்னால், சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை அவர் கையில் கொடுங்கள்.

எத்தனை குழந்தைகள், யார் எந்தக் குழு

மாதிரி அளவுக்குக் கை கணக்கு ஒன்று உண்டு. 80% திறனும் (உண்மையில் இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5% பிழை வரம்பும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) வேண்டுமென்றால், ஒரு குழுவுக்குத் தேவை 16 × (திட்ட விலக்கம்)² ÷ (கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாடு)². முகப்பட அளவுகோலில் திட்ட விலக்கம் 3 என்று உங்கள் முன்னோட்ட ஆய்வு காட்டியதாக வைத்துக்கொள்வோம். ஒரு முகம் அளவு, அதாவது 2 புள்ளி வேறுபாடு தேடினால் 16 × 9 ÷ 4 = 36. பத்தில் ஒருவர் விடுபடுவார் என்று கணக்கிட்டால் 40. 1.5 புள்ளி போதும் என்றால் 64 ஆகிவிடும், 1 புள்ளி என்றால் 144. வேறுபாட்டைப் பாதியாக்கினால் குழந்தைகள் நான்கு மடங்கு. குழுவுக்கு 15 பேரை வைத்து ‘வேறுபாடு இல்லை’ என்று முடிக்கும் ஆய்வேடுகள் உண்மையில் எதையும் முடிக்கவில்லை. தேர்ந்த புள்ளியியல் ஆலோசகரிடம் போவதற்கு முன் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், பேச்சு வேகமாக நகரும்.

குழு பிரிப்பது கணினியில் சமவாய்ப்பு முறையில். ‘ஒற்றைப்படை நாள், இரட்டைப்படை நாள்’ என்பது சமவாய்ப்பு அல்ல, அடுத்து யார் எந்தக் குழு என்று எல்லோருக்கும் தெரியும். நாலு பேர், ஆறு பேர் கொண்ட தொகுதிகளாக (ஒவ்வொன்றிலும் இரண்டு குழுவுக்கும் சம எண்ணிக்கை) அளவை மாற்றி மாற்றி, வயதுப் பிரிவு வாரியாகப் பட்டியல் தயாரித்து, வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத உறையில் வரிசை எண் போட்டு ஒட்டிவைக்க வேண்டும். ஒப்புதல் வாங்கி, முதல் பய அளவையும் எடுத்த பிறகே உறையைத் திறக்கலாம். பட்டியல் தயாரித்தவரும் குழந்தைகளைச் சேர்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் உறைக்குப் பொருளே இல்லை. ரொம்ப அழும் குழந்தையைப் பார்த்ததும் ‘பாவம், இதுக்கு டேப்லெட் கிடைக்கட்டும்’ என்று கை நீளும். அது நல்ல மனம்தான், ஆனால் ஆய்வு அங்கே முடிந்துபோகும்.

ஒப்புதல்

பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல், குழந்தையிடம் அதன் வயதுக்கேற்ற மொழியில் சம்மதம். சுமார் 7 வயதிலிருந்து குழந்தையின் சம்மதத்தை முறையாகக் கேட்பது பரவலான வழக்கம், வயது வரம்பை உங்கள் நெறிமுறைக் குழு முடிவு செய்யும். ஊசி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு படிவத்தை நீட்டாதீர்கள். அந்த நிலையில் யாரும் யோசித்துக் கையெழுத்திடுவதில்லை. வீடியோவுக்குத் தனிக் கையெழுத்து: யார் பார்ப்பார்கள், எங்கே இருக்கும், எந்தத் தேதியில் அழிக்கப்படும். ஆய்விலிருந்து விலகினாலும் தடுப்பூசி போடுவதில் எந்த மாற்றமும் இருக்காது என்பதை வாயாலும் சொல்லுங்கள். பெற்றோர் கையெழுத்திட்டும் குழந்தை அட்டையைத் தள்ளிவிட்டால் அதுவும் பதில்தான், வற்புறுத்தாமல் ‘மறுத்தது’ என்று பதியுங்கள்.

முதல் குழந்தை சேருவதற்கு முன்பே ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்துவிடுங்கள். 2005 முதல் முக்கிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு இதைக் கேட்கிறது. பின்னால் பதிவு செய்தால் தேதியே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

முன்னோட்டம், பிறகு பகுப்பாய்வு

பத்துக் குழந்தைகளிடம் முழு நடைமுறையையும் ஓட்டிப் பாருங்கள். பலன் இருக்கிறதா என்று பார்க்க அல்ல, எங்கே முட்டுகிறது என்று பார்க்க. ஊசி எடுத்ததிலிருந்து முகத்தைத் தொடும் வரை எத்தனை விநாடி? அட்டை எந்தக் கையில் இருந்தது? செவிலியர் பழக்கத்தில் ‘வலிக்காது கண்ணு’ என்று சொல்லிவிட்டாரா? ஒவ்வொரு குழந்தைக்கும் குத்தல் எண்ணிக்கை, ஊசி போட்ட இடம், போட்டவரின் குறியீட்டு எண், மடியிலா தனியாகவா என்பது, களிம்பு நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் தாள் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருந்தால் அது காலியாகவே திரும்பி வரும்.

தடுப்பூசி வலித் தரவு மணி வடிவில் வராது. நிறையக் குழந்தைகள் 0, 2 என்று காட்டும், சிலர் நேராக 10க்குப் போவார்கள். சராசரியை மட்டும் ஒப்பிட்டால் இந்த வடிவம் மறைந்துவிடும். ஆறு முகங்களிலும் எத்தனை பேர் என்று முதலில் வரைந்து பாருங்கள், பிறகு வரிசைத் தரவுக்கான (கூடக் குறைய என்ற வரிசையை மட்டும் காட்டும் எண்களுக்கான) புள்ளியியல் முறையை எடுங்கள். ஒரே செவிலியர் போட்ட ஊசிகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டேப்லெட் கொடுத்தும் குழந்தை பார்க்கவே இல்லை என்றால் அதைத் தலையீட்டுக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். ஒதுக்கிய குழுவிலேயே வைத்துப் பகுப்பாய்வு செய்யுங்கள், பார்க்காத குழந்தைகள் எத்தனை என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் மிகவும் பயந்த குழந்தைதான் திரையைப் பார்க்காது. அதை நீக்கிவிட்டால் யாருக்காக ஆய்வு தொடங்கினீர்களோ அவர்களையே நீக்கியதாகும்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் குழந்தையிடம் ‘அன்னிக்கு ஊசி எவ்வளவு வலிச்சுது?’ என்று அதே அட்டையை வைத்து மறுபடி கேட்க முடிந்தால் கேளுங்கள். அட்டையின் நகலை முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். குழந்தைகளின் வலி நினைவை ஆராயும் மெலனி நோயலும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டியபடி, உண்மையில் சொன்னதைவிட அதிக வலியாக நினைவில் வைத்திருக்கும் குழந்தைக்கு அடுத்த வலி கடினமாகிறது. தலையீடு அன்றைய எண்ணைக் குறைக்காமல் நினைவை மட்டும் மென்மையாக்கியிருக்கலாம். கேட்காவிட்டால் அது தெரியாமலே போகும்.

எழுதும்போது

சமவாய்ப்பு ஆய்வுகளை எழுதுவதற்கான கன்சார்ட் வழிகாட்டுதலின்படி ஓட்டப் படம் ஒன்று வேண்டும்: எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எங்கே யார் விடுபட்டார்கள். முதன்மை அளவு எதிர்பார்த்ததைக் காட்டவில்லை என்றால் துணை அளவுகளில் ஒன்றைத் தூக்கி முன்னால் வைக்காதீர்கள். வேறுபாட்டையும் அதன் நம்பக இடைவெளியையும் (உண்மை வேறுபாடு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதை) கொடுங்கள். ‘பலனில்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் அந்த இடைவெளியைப் பார்த்தால் வாசகருக்கே புரிந்துவிடும்.

முறையியல் பகுதியில் ‘திசைதிருப்பல் அளிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி பல கட்டுரைகளில் வருகிறது. அதைப் படித்து யாராலும் அந்த ஆய்வைத் திரும்பச் செய்ய முடியாது. எந்த வீடியோ, எத்தனை நிமிடத்துக்கு முன் தொடங்கியது, திரை குழந்தையின் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம், பெற்றோருக்கு என்ன பயிற்சி, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். பின்னிணைப்பில், அட்டையைக் காட்டிச் சொன்ன வாக்கியங்களைச் சொன்ன மொழியில், சொன்ன பேச்சு நடையிலேயே முழுதாகக் கொடுங்கள். முன்னோட்டத்தில் ஒரு வார்த்தையை மாற்றியிருந்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் மாற்றினீர்கள் என்றும் ஒரு வரி சேருங்கள். வேறொரு அறையில் அடுத்த ஆய்வாளர் தன் அட்டையைத் தயாரிக்கும்போது முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.